மழைக்கு மன்னிப்புக் கேட்ட ரீச்சர்

மழை பெய்தால் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கும் ஒருவருக்குப் பக்கத்துக் கொட்டிலில் நான் சில வருடம் குடியிருந்தேன். முற்றத்தில் காயப் போட்ட நெல் நனைந்தால் வந்து கேட்பார். விறகு ஈரமாகிப் புகைந்தால் கேட்பார். பெய்யாமல் போனால் அதற்கும் கேட்பார். கம்பி ஒன்று முறிந்த கறுப்புக் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி வேலிப் படலைக்கு வெளியே நின்று, "குறை நினையாதேங்கோ" என்பார். அவருடைய மாடு எங்கள் பயிரை மேய்ந்துவிட்டது போல இருக்கும் அந்தக் குரல்.

"குடையை விரியுங்கோ ரீச்சர், நனையுறியள்" என்று நான் கத்துவேன்.

"நான் நனைஞ்சாப் பறவாயில்லை, தங்கச்சி. உங்கட நெல்லு?"

எனக்கு எரிச்சல்தான் வரும். இருக்கிற கவலை போதாதென்று, மழைக்கும் வெயிலுக்கும் பொறுப்பெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாரே என்று. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. விசுவமடுப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாடசாலையில் படிப்பிக்கிறவர், அதனால் ரீச்சர் என்றால் அவர்தான். நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஒருமுறை எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், ஒரு கலியாணம். பந்தல் என்று பெயருக்கு இரண்டு மூன்று தறப்பாளைக் கட்டியிருந்தார்கள். தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் கொட்டியது. தறப்பாள் வயிறு தள்ளி, நடுவில் கிழிந்து, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி முழுக்கத் தண்ணீர். ரீச்சர் நேரே மாப்பிள்ளையின் தாயாரிடம் போனார். "குறை நினையாதேங்கோ, நேற்றைக்கே எனக்கு ஒரு பயம் இருந்தது" என்றார். புதுக்குடியிருப்பிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"இவா கலியாணப் பொம்பிளைக்கு என்ன முறை?"

"பொம்பிளைக்கு ஒண்டுமில்லை. மழைக்குத்தான் சொந்தக்காரி" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரீச்சருக்கும் காதில் விழுந்தது. அவரும் சிரித்தார். ஆனால் அன்று மாலை ஈரத் தறப்பாளை உதறிக் காயப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. எப்படி வந்தது என்பது எங்கள் வீட்டு விதைநெல்லோடு சம்பந்தப்பட்ட கதை.

நாங்கள் மலையிலிருந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தில் இனி இருக்கமுடியாது என்றானபோது அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து புளியங்குளத்துக்கு உள்ளே காடு வெட்டிக் காணி செய்தார். வன்னியில் நான் வளர்ந்து, கலியாணம் கட்டி, பேச்சையும் மாற்றிக்கொண்டேன். அப்பாவின் பேச்சு மட்டும் மலையிலேயே நின்றுவிட்டது. தொண்ணூற்றேழாம் ஆண்டு சண்டை புளியங்குளத்துக்கு வந்தது. என் கணவர் அதற்கு முன்னரே வேலை தேடிச் செட்டிகுளம் போனவர், பாதை பூட்டிவிட அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். அப்பா, நான், பிள்ளைகள் இரண்டு பேர். இதுதான் வீடு.

செல் குண்டுகள் விழத் தொடங்கிய பிறகு அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் எங்களுக்குக் கொஞ்ச இடம் கிடைத்தது. கட்டிலை ஏற்றவா, கதவு நிலையை ஏற்றவா, அலுமாரியை ஏற்றவா என்று நான் தடுமாறி நிற்க, அப்பா விதைநெல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டார். கடைசி மூட்டைமேல் பிள்ளைகளை இருத்தினார். "அலுமாரிய வெதைக்க முடியாதும்மா" என்றார். அலுமாரி எனக்குச் சீதனமாக வந்தது. அதை விட்டுவிட்டு வந்த கோபம் எனக்குப் போக நாளானது.

விசுவமடுவில் ஒரு கமக்காரர் தன் மேட்டுக்காணியில் பயிர் செய்துகொள்ளும்படி விட்டார். அது குளத்துத் தண்ணீர் எட்டாத காணி. வானத்தை நம்பித்தான் விதைக்கவேண்டும். பக்கத்துக் கொட்டிலில் ரீச்சர் தனியே இருந்தார். ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் புவியியல் படிப்பித்தவர். இங்கே மரத்துக்குக் கீழே படிப்பித்தார்.

அந்தக் காலத்தில் தடை காரணமாகப் பற்றறி வன்னிக்குள் வராது. ரேடியோ கேட்கவேண்டுமானால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்றவேண்டும். எங்கள் ஒழுங்கையில் சைக்கிளும் ரேடியோவும் ரீச்சருடையவை. பின்னேரம் வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தி கேட்க ஆட்கள் அவருடைய முற்றத்தில் கூடுவார்கள். எந்த இடத்தில் சண்டை, பாதை எப்போது திறக்கும், இதுதான் எல்லோருக்கும் வேண்டும். அது முடிந்ததும் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெடல் சுற்றிய ஆளும் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் ரீச்சருக்கு வேண்டியது வரும். விஞ்ஞானம், விவசாயம், காலநிலை என்று சில நாட்களில் ஏதாவது சொல்வார்கள். அவர் பலகைக்கட்டை ஒன்றைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, கையாலேயே பெடலைச் சுற்றிக்கொண்டு கேட்பார். கை களைத்தால் ரேடியோவும் களைத்துவிடும். வேகமாகச் சுற்றுவார், சத்தம் திரும்ப எழும்பும்.

அப்பாவுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நீங்க கேளுங்க டீச்சரம்மா, நான் சுத்துறேன்" என்று போய் உட்கார்ந்துவிட்டார். அப்படித்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கிற என் அப்பாவுக்குப் பெரு என்றொரு நாடு இருக்கிறது என்று தெரியவந்தது.

ஒருநாள் வந்து சொன்னார். "பெருங்கிற நாட்டுக் கரையில கடல் சூடாகிக் கெடக்குதாம்மா."

"அதுக்கு?"

"அதனால நமக்கு இந்த வருசம் மழ கூடவாம்."

நான் சிரித்தேன். மறுநாள் கிணற்றடியில் ரீச்சரிடமே கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று இருந்திருப்பார் போல.

"உங்கட குசினியில அடுப்பை மூலை மாத்தி வைச்சா, புகை பழைய பக்கம் போகுமோ?"

"போகாது."

"கடலும் அப்பிடித்தான், தங்கச்சி. பசிபிக் கடலில சூட்டுத் தண்ணி ஒரு பக்கமா நிக்கிறது வழக்கம். சில வருசம் அது மற்றப் பக்கம் நகருது. அடுப்பு இடம் மாறினா காத்தும் மேகமும் இடம் மாறும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கூடும். சில வருசம் அந்தக் கடல் குளிரும். அப்ப எங்களுக்கு மாரி தொடங்கிறதே மெலிவாத்தான் இருக்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது. எங்களை உலகத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத காலம் அது. உலகத்தின் மற்றக் கரையில் கிடக்கிற ஒரு கடலுக்கும் எங்களுடைய மேட்டுக்காணிக்கும் தொடுப்பு இருக்கிறது என்று கேட்டபோது, ஏனோ மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

புரட்டாசியில் கமக்காரர் கூட்டம் நடந்தது. எப்போது விதைப்பது, எவ்வளவு விதைப்பது என்று பேசி முடிவெடுக்கிற கூட்டம். மானாவாரிக் காணியில் மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது வழக்கம். புழுதி விதைப்பு என்பார்கள். மழை விழுந்ததும் முளைக்கும். முளைத்த பிறகு மழை விட்டுப்போனால் கருகிவிடும். அதனால் எந்தக் கமக்காரனும் விதைநெல் முழுவதையும் முதல் விதைப்பில் போடமாட்டான். மறுவிதைப்புக்கென்று ஒரு பங்கை வீட்டில் வைத்திருப்பான். எவ்வளவு கஷ்டத்திலும் அந்தப் பங்கை உரலில் போடாத வீடுகளை எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் அப்பாதான் எழுந்து, ரீச்சரைப் பேசவிடும்படி கேட்டார். ரீச்சர் பேசினார். நன்றாகப் பேசினார். மண்ணில் தடியால் கீறி, இங்கே பெரு, இங்கே நாங்கள் என்று காட்டினார். இந்த வருடம் காலபோகத்தில், அதாவது மாரிப் பயிர்க் காலத்தில், மழை வழக்கத்தைவிடக் கூட என்றார். கூட்டம் கலகலத்தது. பால் இல்லாத வெறுந்தேத்தண்ணீர் வந்தது. ஆட்கள் எழும்பினார்கள். அப்போது ரீச்சர் கடைசியாக ஒன்று சொன்னார். "ஆனா இது முழுப் போகத்துக்கும் சேர்த்துச் சொல்லுற கணக்கு. ஒவ்வொரு நாளும் எப்பிடிப் பெய்யும் எண்டு இதை வைச்சுச் சொல்லேலாது."

நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததால் அது என் காதில் விழுந்தது. எத்தனை பேர் காதில் விழுந்தது என்று தெரியாது. படிப்பிக்கிறவர்கள் பொதுவானதை முதலில் சொல்லி, விலக்கைக் கடைசியில் சொல்வார்கள். வகுப்பில் மணி அடிக்கும்வரை பிள்ளைகள் இருப்பார்கள். கமக்காரர் கூட்டத்தில் தேத்தண்ணீர் வந்தால் கூட்டம் முடிந்தது.

எங்கள் வரம்புக்கு அடுத்த வரம்பு முள்ளிவாய்க்கால் அக்காவுடையது. கடற்கரையில் பிறந்து, கமக்காரனைக் கட்டிக்கொண்டு வந்தவர். வாயைத் திறந்தால் உப்பும் உறைப்பும்தான். அவர் மட்டும் எழும்பிப் போகும்போது சொன்னார். "எங்கட கடல் நாளைக்கு என்ன செய்யும் எண்டு எங்கட அப்புவுக்கே தெரியாது. ரீச்சர் எங்கையோ கிடக்கிற கடலைப் பற்றிச் சொல்லுறா." சொன்னவரும் கடைசியில் ஊரோடு சேர்ந்துதான் விதைத்தார்.

அந்த வருடம் பெரும்பாலான வீடுகளில் மறுவிதைப்புப் பங்கும் மண்ணுக்குள் போனது. இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு ஒரே போகத்தில் நிமிர்ந்துவிடவேண்டும் என்ற ஆசை. கூடுதலாக விதைத்தால் கூடுதலாக விளையும். மழைதான் கூடவாமே. அப்பா கடைசி மூட்டையை அவிழ்த்தபோது நான் தடுத்தேன்.

"அப்பா, இதை வைச்சிருப்பம்."

"டீச்சரம்மா சொல்லிருச்சும்மா" என்றார். பிள்ளைகள் ஏறியிருந்து வந்த அதே மூட்டை.

மழை வந்தது. ஐப்பசி தொடக்கத்தில் சில நாட்கள் அழகாகப் பெய்தது. காணி பச்சை பிடித்தது. அப்பா வரம்பில் குந்தியிருந்து தனியே சிரித்ததை நான் பார்த்தேன். ரீச்சர் பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் வரம்பில் நின்றுவிட்டுத்தான் போவார்.

பிறகு நின்றுவிட்டது. மேகம் வரும், பார்க்கும், போகும். வெயில் என்றால் சித்திரை வெயில். இரண்டு கிழமைக்கும் மேலாக ஒரு துளி இல்லை. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வைக்கோலாகி, கடைசியில் கையால் தடவினால் தூளாகக் கொட்டியது. திரும்ப விதைக்க வீட்டில் நெல் இல்லை. அயலில் கேட்டால் அங்கும் இல்லை. எல்லோரும் ஒரே வார்த்தையை நம்பி ஒரே நாளில் கையைக் காலியாக்கியிருந்தோம்.

அதற்குப் பிறகு பெய்ததே ஒரு மழை. வயதானவர்களும் பார்த்ததில்லை என்றார்கள். குளம் நிரம்பி வான் பாய்ந்தது. ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். ஒரு மாதத்தில் பெய்யவேண்டியது ஒரு நாளில் பெய்தது. காணிகளில் தண்ணீர் தளம்பிக்கொண்டு நின்றது, அதில் ஒரு பயிர் இல்லை. ரீச்சர் சொன்னபடி மழை கூடத்தான். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்தத் தூரத்துக் கடல் பொய் சொல்லவில்லை. ஆனால் மொத்தத்தைக் குடித்து எந்த நெல்லும் வளராது. அது அன்றன்றையத் தண்ணீரைத்தான் குடிக்கும்.

அந்த மழையில்தான் ரீச்சர் முதல்முறையாக வந்தார். எங்கள் கொட்டிலுக்குள்ளும் தண்ணீர். நாங்கள் வாங்குப் பலகையில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தோம். படலையடியில் முழங்காலளவு தண்ணீரில், மடக்கிய குடையோடு நின்றார். தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது.

"குறை நினையாதேங்கோ, ஐயா" என்றார் அப்பாவைப் பார்த்து.

"உள்ள வாங்க டீச்சரம்மா. காய்ச்சல் வந்துரும்."

வரவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார். அதுதான் முள்ளிவாய்க்கால் அக்கா வீடு. அக்காவின் குரல் மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "இஞ்ச வந்து ஏன் கேக்கிறியள்? பெருவில போய் விதைக்கச் சொல்லுங்கோ. எங்கட பிள்ளையளுக்கு அங்கயிருந்து சோறு வரட்டும்."

எனக்குள்ளும் கோபம் இருந்தது. அக்கா எனக்கும் சேர்த்துப் பேசியதாகத்தான் அப்போது நினைத்தேன். ரீச்சர் அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். ஒழுங்கை முடியும்வரை போனார்.

அந்த வருடம் நிவாரண மாவில் கழிந்தது. அப்பா விறகு வெட்டப் போனார். பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வரும்போது சில நாள் கையில் ஒரு பார்சல் இருக்கும். ரொட்டியோ, அவித்த மரவள்ளியோ. "ரீச்சருக்குப் பசிக்கேல்லையாம்" என்பார்கள். ரீச்சருக்கு அந்த வருடம் முழுக்கப் பசிக்கவில்லை. கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது.

எல்லோரும் அவர்மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தபோது, அப்பா மட்டும் பின்னேரம் போய்ப் பெடல் சுற்றுவதை விடவில்லை. ஒருநாள் செய்தி முடிந்தபிறகு நான் அப்பாவைக் கூப்பிடப் போனேன். ரேடியோவில் ஒருவர் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். இந்து சமுத்திரத்தின் மேலால் மழை மேகங்கள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே நகருமாம். ஒரு கூட்டம் கடக்கும்போது சில நாள் கொட்டுமாம். அது போய் அடுத்த கூட்டம் வரும்வரை நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் வெயிலாகவே கிடக்குமாம். தூரத்துக் கடல் எவ்வளவு சூடானாலும் இந்த இடைவெளி இருக்கும் என்று சொல்லிக்கொண்டு போனார்.

அப்பாவின் கை நின்றுவிட்டது. ரேடியோ முனகி அடங்கியது.

"சுத்துங்கோ ஐயா" என்றார் ரீச்சர்.

"போதுங்க டீச்சரம்மா."

ரீச்சர் ரேடியோ வயரைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "கடல் வருசத்தைத்தான் சொல்லும். நாளைச் சொல்லாது. எங்கட நெல்லு நாளிலதான் இருக்கு. இதை நான் முதல் சொல்லியிருக்கோணும். கடைசியாச் சொன்னனான்."

அன்றோடு சைக்கிளையும் ரேடியோவையும் ஒழுங்கைக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டார்.

அவருக்கு ஏன் மழையை முன்கூட்டி அறிவதில் அப்படியொரு தவிப்பு என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவர் தானாகச் சொல்லவில்லை. கிணற்றடியில் நான் துணி தோய்த்துக்கொண்டிருந்தபோது, சின்னவள் ரீச்சரின் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து அதற்குள் தண்ணீர் நிரப்பி விளையாடினாள். ரீச்சர் பாய்ந்து போய்க் குடையைப் பறித்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை அழுதது. பிறகு அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தொண்ணூற்றைஞ்சில சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் யாழ்ப்பாணத்தால வெளிக்கிட்டு வரேக்க விடிய விடிய மழை, தங்கச்சி. சனத்துக்கு நகர வழியில்லை. குடிக்கத் தண்ணியும் இல்லை. எனக்கு முன்னால ஒரு தாய் குடையைத் தலைகீழாப் பிடிச்சு, அதில விழுந்த மழைத்தண்ணியைப் பிள்ளைக்குப் பருக்கினவ. நானும் எங்கட குடையை அப்பிடித்தான் பிடிச்சனான், என்ர மனுசனுக்குக் குடிக்கக் குடுக்கிறதுக்கு. இவர் மேலெல்லாம் நனைஞ்சுகொண்டு நிண்டவர். கிளிநொச்சியில ஒரு பள்ளிக்கூடத்துக்க வந்து இருந்தம். சளி நெஞ்சில இறங்கினது. அந்த மாசத்துக்குள்ளயே போயிட்டார்."

பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "இருபது வருசத்துக்கு மேல 'மழையின் பயன்கள்' எண்டு கரும்பலகையில எழுதினனான். அண்டைக்கு ஒரு நாள் பிந்தி வெளிக்கிட்டிருந்தா அவர் நனைஞ்சிருக்கமாட்டார். எந்த நாள் எண்டு எனக்குத் தெரியேல்ல."

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தேன். அதற்குப் பிறகு அவர் படலையில் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல் வரவில்லை.

அடுத்த போகத்துக்கு எப்படியோ விதைநெல் சேர்த்தோம். தருமபுரத்தில் இருந்த அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி கொடுத்துதவினார். கமக்காரர் கூட்டம் வந்தது. ரீச்சர் கடைசி வரிசையில், எழும்பிப் போக வசதியாக இருந்தார். யாரோ கேட்டார்கள். "ரீச்சர் என்ன சொல்லுறியள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல. உங்கட வழக்கப்படி செய்யுங்கோ" என்றார். ஒரு சிலர் சிரித்தார்கள். முள்ளிவாய்க்கால் அக்கா சிரிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்தார்.

அன்று பொழுதுபடுகிற நேரம் அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். ஒருதருக்கும் சொல்லாதேங்கோ. இந்தமுறை பாதிக்கு மேல போடாதேங்கோ."

"கடல் குளிர்ந்திட்டுதோ, ரீச்சர்?"

"அதைக் கேக்காதேங்கோ. பாதியை வைச்சிருங்கோ. அவ்வளவுதான்."

நான் வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா மறுபேச்சில்லாமல் பாதியை எடுத்துப் பரணில் வைத்தார். ஐப்பசி மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனது. முதல் விதைப்பு கருகியது. கார்த்திகை கடைசியில் கொஞ்சம் மழை கிடைத்தபோது மீதியை விதைத்தோம். பெரிய விளைச்சல் என்று சொல்லமுடியாது. ஆனால் சோறு தின்றோம்.

அறுவடையில் அரிவு வெட்டும்போது வரம்பில் பேச்சு வந்தது. "நாங்கள் பாதியை வைச்சிருந்தபடியால் தப்பினம்" என்றேன். முள்ளிவாய்க்கால் அக்கா அரிவாளோடு நிமிர்ந்தார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

நான் குனிந்து அடுத்த பிடியை வெட்டினேன்.

"கிணத்தடியில கூப்பிட்டு, 'உங்களுக்கு மட்டும்' எண்டு சொன்னவாவோ?"

அப்போதுதான் தெரிந்தது. அக்காவிடமும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அடுத்த வீட்டுக்கும். ஒழுங்கை முடியும்வரை ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று சொல்லி, அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். இந்தமுறை முதலில் சொல்லவேண்டியதை முதலில். தேத்தண்ணீர் வருவதற்கு முன்னால். நாங்கள் ஒவ்வொருவரும் எங்களுக்குத்தான் தனியே சொன்னார் என்று நெஞ்சுக்குள் பெருமையாக வைத்திருந்திருக்கிறோம். வரம்பில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அக்கா மட்டும் குனிந்து திரும்ப வெட்டத் தொடங்கினார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், மற்றவர்கள் வியர்வையென்று நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகும் அக்கா ரீச்சரிடம் நேரே பேசவில்லை. பேச்சை எப்படித் தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. மீன் கிடைத்தால் என் கையில் தந்து, "அவாவுக்கும் குடு" என்பார். யார் தந்தது என்று சொல்லக்கூடாது என்பார். ரீச்சருக்குத் தெரியாமல் இருக்குமா?

இரண்டாயிரமாம் ஆண்டு ஐப்பசியிலும் மழை பிந்தியது. புழுதியில் பாதி விதைநெல் கிடக்க, வானம் துடைத்த சட்டிபோல இருந்தது. அந்த நாட்களில் எங்கும் மலேரியா. ரீச்சருக்கு ஒருநாள் நடுக்கம் எடுத்தது. சோறு சரியாகத் தின்னாத உடம்பு, தாங்கவில்லை. உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிடைத்த மருந்தைக் கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும், கொட்டிலுக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். திரும்பக் கொண்டுவந்தோம். காய்ச்சலும் திரும்ப வந்தது.

நான் பக்கத்தில் இருந்தேன். காலையில் கண் திறந்ததும் ஒரே கேள்வி.

"வானம் எப்பிடி, தங்கச்சி?"

"மப்பா இருக்கு ரீச்சர். இண்டைக்கு வந்திடும்" என்றேன்.

அவர் கூரையைக் காட்டினார். கிடுகு விலகிய இடத்தால் வெயில் பளிச்சென்று பாயில் விழுந்துகொண்டிருந்தது. "என்னை ஏமாத்தேலாது" என்று மெல்லச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்தார். "குறை நினையாதேங்கோ. இண்டைக்கும் இல்லை."

மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

வெளிநாட்டில் ஒரு தம்பி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். எங்கே என்று தெரியாது. பாதை பூட்டியிருக்க, உறவென்று யாரும் வந்துசேர வழியில்லை. அப்பா, "நான் வெக்கிறேன் கொள்ளி" என்றார். யாரும் மறுக்கவில்லை. ஒழுங்கைச் சனம் முழுக்க முற்றத்தில் நின்றது. பாடசாலைப் பிள்ளைகள் பூவரசம் கொப்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாடையைத் தூக்கும் நேரம் வாடைக்காற்று ஒன்று வந்தது. மண்வாசம் எழும்பியது. முதலில் பெரிய பெரிய துளிகளாக விழுந்து, பிறகு சீராகப் பெய்யத் தொடங்கியது. வெள்ளமடிக்கிற மழையல்ல. புழுதிக்குள் கிடக்கிற விதை கேட்கிற மழை, மெதுவாக, விடாமல். சனம் அசையவில்லை. ஒருவரும் கூரைக்குக் கீழே ஒதுங்கவில்லை. எல்லோரும் அந்த "குறை நினையாதேங்கோ"வைக் கேட்கக் காத்துநின்றது போல எனக்கு இருந்தது. அவர் கேட்டுக் கேட்டு வராத மழை, அவர் கேட்கமுடியாத நாளில் வந்து சேர்ந்தது.

முள்ளிவாய்க்கால் அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ரீச்சரின் கொட்டில் வாசலில் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்தார். அதைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முறிந்த கம்பி ஒரு பக்கம் தொங்க, அதை ரீச்சரின் முகத்துக்கு மேலே பிடித்தார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடை நகர, அக்காவும் சேர்ந்து நடந்தார். யாரும் தடுக்கவில்லை. ஒழுங்கை முகப்பில் ஆண்கள் ஒரு கணம் நின்றார்கள். அக்கா குனிந்தார். மூன்று வருடமாக நேரே பேசாதவர், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"குறை நினையாதேங்கோ, ரீச்சர். மழை கொஞ்சம் பிந்திப்போச்சு."